எமது சமையலறைகளுக்கு யார் பாடம் எழுதுவது?

பிரித்தானியாவில் உணவகமொன்றில் வேலைக்குச் சேரும் எம்மவர் ஒருவர், அகப்பையைக் கையிலெடுக்குமுன் கைத்தொலைபேசியைக் கையிலெடுக்க வேண்டிய காலம் இது. உணவுச் சுகாதாரம், ஒவ்வாமை, தீ விபத்து, பாரம் தூக்குதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக இணையவழிப் பயிற்சிநெறிகள் அவருக்காகக் காத்திருக்கின்றன. பக்கம் பக்கமாக அழுத்திச் சென்று, இறுதியில் சில வினாக்களுக்கு விடை தெரிவு செய்தால் சான்றிதழ் வந்துவிடும். அச்சான்றிதழ் கோவையொன்றில் இடப்படும். நகரசபை அதிகாரி வரும் நாளில் அக்கோவை மேசைக்கு வரும். பயிற்சி முடிந்தது என்று அனைவரும் ஆறுதலடைகின்றனர். அதனால் எவராவது எதையாவது கற்றுக்கொண்டாரா என்று கேட்பார்தான் இல்லை.

டூட்டிங்கில் இக்கேள்விக்குத் தனி அவசியம் உண்டு. அப்பர் டூட்டிங் வீதியிலும் மிட்சம் வீதியிலும் எம்மவரின் உணவகங்களும் பலசரக்குக் கடைகளும் பல்லாண்டுகளாக நிலைபெற்றுள்ளன. நாட்டைவிட்டு வந்தவர்களிற் பலருக்கு முதன்முதலில் காலூன்ற இடம் தந்தவை இத்தகைய சமையலறைகளே. ஆங்கிலம் சரிவர வராத நிலையிலும் வேலை தந்தவை அவை. யாழ்ப்பாணத்தவரும் தமிழகத்தவரும் மலையாளிகளும் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்கும் இடங்களும் அவை. அத்தகைய இடத்துக்கு வரும் பாடம் வேறெங்கோ, வேறெவருக்கோ எழுதப்பட்டதாக இருக்குமாயின், அதனால் விளையும் தீங்கு காகிதத்தோடு நின்றுவிடாது. உண்பவரின் உயிரையும் சமைப்பவரின் வாழ்வையும் அது தொடும்.

பயிற்சிநெறியைக் கடையில் விலைக்கு வாங்கும் ஆயத்த ஆடையாக எண்ணும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். எமது வேலைக்கு அளவெடுத்து அதனைச் செய்விக்கத் தொடங்க வேண்டும். அதற்குரிய முறைகளை எமது வர்த்தகர்களும் ஊழியர்களும் அறிந்திருத்தல் அவசியம். இக்கட்டுரையின் வேண்டுகோள் இதுவே.

சட்டம் கேட்பது என்ன?

உணவகத்தில் வேலை செய்வோர் ஒவ்வொருவரும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதாக எம்மிற் பலர் நம்புகின்றனர். இது சரியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 852/2004 இலக்க ஒழுங்குவிதி, ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா 2020இல் விலகிய பின்னரும் இந்நாட்டுச் சட்டத்தில் தொடர்ந்து இடம்பெறுகின்றது. உணவைக் கையாள்வோர் மேற்பார்வை செய்யப்பட வேண்டும் என்றும், தாம் செய்யும் வேலைக்கு ஏற்றவாறு அவர்களுக்கு அறிவுறுத்தலோ பயிற்சியோ அளிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகின்றது. இப்பொறுப்பு உணவகத்தை நடத்துபவருக்கு உரியது. "செய்யும் வேலைக்கு ஏற்றவாறு" என்பதே இங்கு உயிர்நாடியான தொடர். பாத்திரம் கழுவுபவருக்கு ஒன்று, கொத்து ரொட்டி போடுபவருக்கு ஒன்று, தொலைபேசியில் கட்டளை எடுப்பவருக்கு ஒன்று எனப் பயிற்சி வேறுபட வேண்டும் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கின்றது. எல்லோருக்கும் ஒரே பாடத்தைக் கொடுத்து, ஒரே மாதிரியான சான்றிதழைத் தொங்கவிடுவதால் மட்டும் அந்நோக்கம் நிறைவேறிவிடாது.

ஒவ்வாமை பற்றிய விதிகள் இன்னும் கண்டிப்பானவை. செலரி, கோதுமை முதலான குளூட்டன் உள்ள தானியங்கள், நண்டு இறால் வகை, முட்டை, மீன், லூப்பின், பால், கணவாய் மட்டி வகை, கடுகு, கச்சான், எள், சோயா, சல்பைற்று, கஜு பாதாம் முதலான மரக்கொட்டைகள் ஆகிய 14 பொருட்களுள் எவை எந்த உணவில் உள்ளன என்பதை 2014 டிசம்பர் முதல் உணவகங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். 2016இல் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய பாண் வகையொன்றை உண்ட நட்டாஷா எட்னான்-லப்பரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி, மாவிலேயே கலந்திருந்த எள்ளினால் உயிரிழந்தாள். அதில் எள் இருப்பதாக அதன் பொதியில் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. அவள் பெயரால் அறியப்படும் விதி 2021 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. விற்கும் இடத்திலேயே முன்கூட்டிப் பொதி செய்து வைக்கும் உணவின் மேல், அதன் பெயரும் சேர்ந்துள்ள பொருட்கள் அனைத்தும் அச்சிடப்பட்டு, அந்த 14இல் உள்ளவை தனித்துத் தெரியக் காட்டப்பட வேண்டும். கடையின் பின்புறத்தில் பொரித்துப் பையிலிட்டு முன்புறத்தில் தொங்கவிடும் முறுக்குக்கும் மிக்சருக்கும் இவ்விதி பொருந்தும்.

இது தண்டப் பணத்தோடு தீரும் விடயமுமன்று. 2014 ஜனவரியில் வட யோர்க்ஷயரில் கச்சான் ஒவ்வாமை உள்ள ஒருவர், கொட்டை வகை எதுவும் வேண்டாம் என்று சொல்லி இந்திய உணவகமொன்றில் கறி வாங்கினார். பொதியின் மூடியிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. ஆனால் பாதாம் தூளுக்குப் பதிலாக, விலை குறைந்த, கச்சான் கலந்த தூள் அச்சமையலறையில் பயன்படுத்தப்பட்டு வந்தது. கறியை உண்டவர் இறந்தார். 2016இல் ரீசைட் நீதிமன்றம் உணவக உரிமையாளருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மூடியில் எழுதியவருக்கு விதி தெரிந்திருந்தது. சட்டிக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் அவ்வெழுத்து அறிந்திருக்கவில்லை.

எந்தக் கடலை?

உணவுத் தராதர முகவரகம் ஒவ்வாமை பற்றிய பயிற்சிநெறியொன்றை இணையத்தில் இலவசமாகவே வழங்குகின்றது. நல்ல பாடம் அது, எவரும் படிக்கத்தக்கது. எனினும், நாடு முழுவதற்குமென எழுதப்படும் எப்பாடமும் நாடு முழுவதற்கும் பொதுவான சமையலறையையே மனத்திற் கொள்ளும். பாண், பாற்கட்டி, மயோனைஸ் ஆகியவற்றைக் காட்டி அது விளக்கும்போது, நல்லெண்ணெயில் கடுகு தாளிக்கும் எமது அடுப்பு அதன் கண்ணிற் படுவதில்லை.

எமது அடுப்பில் உள்ளவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவது. தாளிதத்தில் கடுகு இல்லாத கறி அரிது. நெய் பாலின் பொருள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மா கலந்துள்ளது. அரிசியிலும் உளுந்திலும் செய்த உணவில் கோதுமை இராது என்று எண்ணும் சமையற்காரர் சாம்பாரில் அதனைச் சேர்த்துவிடுகின்றார். மாசி இட்டு இடித்த சம்பல் பார்வைக்கு மரக்கறிச் சம்பலைப் போன்றதே. ஒடியற் கூழிலோ மீனும், நண்டு இறாலும், கணவாயுமாக, 14இல் மூன்று ஒரே பானையிற் கொதிக்கின்றன. இறால் பொரித்த எண்ணெயிலேயே அடுத்து வடையைப் போடும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டாற் போதாதா என்று கேட்கலாம். இயந்திரமே இன்று அதனைச் சில நொடிகளிற் செய்து தருகின்றது. ஆனால் எந்தத் தமிழில் என்பதே இங்கு எழும் சிக்கல். யாழ்ப்பாணத்துச் சமையற்காரருக்குக் கடலை என்றால் அவித்துத் தாளித்துத் தின்னும் கொண்டைக்கடலை. நிலத்தின் கீழ் விளைவது அவருக்குக் கச்சான். அவர் பக்கத்தில் நிற்கும் தமிழகத்து உதவியாளருக்கோ கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் வேர்க்கடலையில் ஆனவை. அதே வேளை அவர் ஊரின் கடலை மாவும் கடலைப் பருப்பும் வேறு பருப்பைச் சேர்ந்தவை. வேர்க்கடலை 14இல் ஒன்று. கொண்டைக்கடலை அப்பட்டியலில் இல்லை. "கடலை சேர்க்காதீர்" என்று பாடம் சொன்னால் இருவரும் தலையசைப்பர். இருவரும் வெவ்வேறு பொருளை ஒதுக்கிவைப்பர்.

முந்திரியின் கதையும் இத்தகையதே. தமிழகத்தவர்க்கு அது மரக்கொட்டை. எம்மவர் அதனைக் கஜு என்பர். முந்திரிகை என்று அவர்கள் சொல்வது திராட்சைப் பழத்தை. பாயசத்தில் இரண்டும் மிதக்கின்றன. எம்மவர் கோதுமை மா என்று அழைக்கும் வெள்ளை மாவைத் தமிழகத்தவர் மைதா என்பர். மைதாவும் கோதுமையே என்பதை எல்லோரும் அறிந்திருப்பதில்லை. "எந்தக் கடலை?" என்று மொழிபெயர்க்கும் இயந்திரம் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கத் தெரிந்த ஒருவர் சமையலறைக்குள் வந்து நின்றால் மட்டுமே இப்பாடம் சரியாக எழுதப்படும்.

அளவெடுத்துச் செய்யும் முறை

ஒரு நிறுவனத்தின் தேவைக்கென்றே இணையவழிப் பயிற்சிநெறி செய்து கொடுப்பது இன்று தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. அதன் செயன்முறையின் மூலம் 1975இல் அமெரிக்க இராணுவத்துக்காகப் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் வகுத்த பயிற்சித் திட்டமிடலில் உள்ளது. அதன் வழிவந்த ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு என்ற ஐந்து படிகளை இத்துறையினர் இன்றும் பின்பற்றுகின்றனர். இதில் மூவர் சம்பந்தப்படுகின்றனர்: பாடத்தைச் செய்விப்பவர், செய்பவர், படிப்பவர். பணம் கொடுப்பவர் முதலாமவர். வேலை செய்பவர் இரண்டாமவர். பாடம் யாருக்காகவோ அந்த மூன்றாமவரை எவரும் கலந்தாலோசிப்பதில்லை. இத்துறையின் பெருங்குறை இதுவே. கீழ்க்காணும் படிகள் ஒவ்வொன்றிலும் அந்த மூன்றாமவருக்கு இடம் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

முதற்படி ஆய்வு. என்ன தவறு நடக்கின்றது, எங்கு, யாரால், எந்நேரத்தில் என்பதை முதலில் அறிய வேண்டும். முதலாளியுடன் அலுவலகத்திற் பேசி இதனை அறிய முடியாது. சனிக்கிழமை மாலையில், தொலைபேசி மணியும் கொத்துத் தகட்டின் ஓசையும் ஒன்றாய் எழும் நேரத்தில், ஒரு மூலையில் நின்று பார்த்தாக வேண்டும். அப்போது வெளிப்படும் குறைகள் சிலவற்றுக்குப் பாடமே மருந்தாகாது. பொரிப்பதற்கு ஒரே ஒரு தாச்சி இருக்குமானால், எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தாலும் இறால் எண்ணெய் வடைக்கு வரவே செய்யும். நேர்மையான பாட வடிவமைப்பாளர் அவ்விடத்தில், "உங்களுக்கு வேண்டியது இன்னொரு தாச்சி, பாடமன்று" என்று சொல்வார். தமக்கு வரும் பணம் குறையும் என்பதற்காக இதனைச் சொல்லத் தயங்குபவரிடம் வேலையை ஒப்படைத்தல் ஆகாது.

இரண்டாவது படி வடிவமைப்பு. பாடத்தின் நோக்கத்தை இங்கு ஒரு வரியில் எழுதுகின்றனர். "ஒவ்வாமை பற்றி விளங்கிக்கொள்ளுதல்" என்று எழுதுவது பயனற்றது. விளங்கிக்கொண்டாரா என்பதை எவ்வாறு அளப்பது? "எள் ஒவ்வாத ஒருவர் வந்தால், எமது உணவுப் பட்டியலில் அவருக்குக் கொடுக்கக் கூடாதவற்றை ஊழியர் பிழையின்றிச் சொல்லுதல்" என்று எழுதினால், பாடத்தில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பது தானே தெளிவாகும். ஒவ்வாமையின் வரலாறும் நிறுவனத் தலைவரின் வாழ்த்துரையும் அப்போது உதிர்ந்துவிடும்.

உள்ளடக்கத்தைத் தருபவரை வளவாளர் என்போம். எமக்கு இங்கு இருவர் வேண்டும்: சட்டம் அறிந்த உணவுப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர், எமது சமையல் அறிந்த மூத்த சமையற்காரர் ஒருவர். முன்னவர் மட்டும் இருந்தால் பாடம் சட்டப் புத்தகமாகும். பின்னவர் மட்டும் இருந்தால் பழக்கங்களே விதியாகிவிடும். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து உணவுப் பட்டியலை வரி வரியாகப் பார்த்து, எதில் எது உள்ளது என்ற அட்டவணையை உண்டாக்க வேண்டும். முழு வேலையிலும் மிகப் பெறுமதியான தாள் அதுவே. பாடம் வராமலே போனாலும் அத்தாள் சுவரில் இருக்கும்.

மூன்றாவது படி உருவாக்கம். முதலில் எழுத்துப் பிரதி. பின்னர் ஒவ்வொரு திரையிலும் என்ன படம், என்ன ஒலி, என்ன கேள்வி என்பதைக் காட்டும் வரைவுத் தாள். அதன் பின்னர் குரற்பதிவும் காணொளியும். இவ்வொழுங்கைக் குலைத்தல் கூடாது. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும், செய்விப்பவர் வாசித்துக் கையொப்பமிட்ட பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டும். பிரதியில் ஒரு சொல்லை மாற்றுவது பேனாவின் ஒரு கோடு. பதிவு முடிந்தபின் அதே சொல்லை மாற்றுவதற்குக் குரல் கொடுத்தவரை மீண்டும் அழைக்க வேண்டும், படத்தை மீண்டும் வெட்ட வேண்டும். இறுதி நாளில் முதன்முறையாகப் பார்த்து "இது எமது கடையைப் போல் இல்லையே" என்று முறையிடும் செய்விப்பவரே செலவை இரட்டிப்பாக்குகின்றார்.

எமது தேவைக்குச் சில நியதிகளை இங்கு வைத்துக்கொள்ளலாம். பாடம் கைத்தொலைபேசியில் ஓட வேண்டும். சமையலறை ஊழியரிடம் மேசைக் கணனி இருப்பதில்லை. இரண்டு வேலைகளுக்கிடையே முடிக்கத்தக்க சிறு சிறு பகுதிகளாக அது அமைய வேண்டும். ஆங்கிலம் வாசிக்க இடர்ப்படுவோரும், தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத இங்கு பிறந்த இளையோரும் ஒரே கடையில் நிற்பதால், குரலும் படமும் முதன்மை பெற வேண்டும். ஐயத்துக்கு இடமான பொருள் ஒவ்வொன்றுக்கும் அதன் படம், யாழ்ப்பாணப் பெயர், தமிழகப் பெயர், பொதியின் மேல் காணப்படும் ஆங்கிலப் பெயர் ஆகிய நான்கும் ஒரே திரையில் வர வேண்டும். கடலை என்ற தனிச்சொல் எங்கும் வரலாகாது. கச்சான் அல்லது வேர்க்கடலை, கொண்டைக்கடலை என்றே வர வேண்டும்.

வெளியிடுமுன் வெள்ளோட்டம் ஒன்று அவசியம். சமையற்காரர் இருவர், பாத்திரம் கழுவுபவர் ஒருவர், கட்டளை எடுப்பவர் ஒருவர் என நால்வரிடம் கொடுத்து, பக்கத்தில் பேசாது அமர்ந்திருந்து, எவ்விடத்தில் அவர்கள் விரல் தயங்குகின்றது என்று குறித்துக்கொண்டால் போதும். விரல் தயங்கிய இடத்தில் திருத்தப்பட வேண்டியது பாடமே.

இறுதிப் படி மதிப்பீடு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் நான்கு அளவுகோல்களை முன்வைத்தார்: படித்தவர் பாடத்தை விரும்பினாரா, கற்றாரா, கற்றதை வேலையிற் செய்கின்றாரா, அதனால் விளைவு உண்டானதா என்பன அவை. எம்மிடையே நடப்பது இரண்டாவது அளவுகோலின் நிழல் மட்டுமே. முதலாளியின் மகனோ மகளோ இரவிலமர்ந்து ஊழியர் அனைவருக்குமான பரீட்சையையும் எழுதி முடிக்கும் வழக்கமும் இல்லாமலில்லை. அதனைத் தடுக்கப் பூட்டுக்கள் தேவையில்லை. பரீட்சையின் ஒரு பகுதியைச் சமையலறைக்கே கொண்டுவந்தாற் போதும். ஒரு பொதியைக் கையிற் கொடுத்து, "இதில் எந்த ஒவ்வாமைப் பொருள் இருக்கின்றது, காட்டுங்கள்" என்று கேட்பது எந்தக் கணனி வினாவையும் விடச் சிறந்த சோதனை.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

பாடத்தைச் செய்விக்க முன்வரும் வர்த்தகர்கள் ஒப்பந்தத்தில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துப் பிரதியும் குரற்பதிவும் திருத்தக்கூடிய மூலக் கோப்புக்களும் யாருக்குச் சொந்தம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அவை கையில் இல்லையேல், 2021இல் வந்ததைப் போன்ற புதிய விதியொன்று வரும்போதும், மாவோ மசாலாவோ வாங்கும் இடம் மாறும்போதும், ஒரு வரியைத் திருத்துவதற்கும் முழுப் பணம் கட்ட நேரிடும். பாடம் ஸ்கோர்ம் போன்ற பொது நியமத்தில் அமைந்திருத்தல் நன்று. அவ்வாறாயின் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு அதனை எடுத்துச் செல்லலாம். ஆண்டுக்கொரு முறை யார் மீள்பார்வை செய்வது என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும்.

ஊழியரின் பக்கமும் ஒன்றுண்டு. தொழில் வழங்குனர் கட்டாயமாக்கும் பயிற்சி நேரம், குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வேலை நேரமாகவே கொள்ளப்படும். வீட்டில், இரவில், சொந்த நேரத்தில் முடித்துவிட்டு வா என்று சொல்வது நியாயமாகாது. பெறும் சான்றிதழும் படித்தவருக்கு உரியது. வேலையை விட்டு வேறிடம் செல்லும்போது அதன் பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து எந்தப் பத்திரமும் கொண்டுவர முடியாது போன ஒருவருக்கு, இந்நாட்டில் அவர் பெயர் அச்சான முதற் சான்றிதழ் அதுவாகவும் இருக்கலாம்.

தொலைவிலிருந்து கற்றல் எமக்குப் புதிதன்று

இவையெல்லாம் எமக்கு அப்பாற்பட்ட தொழில்நுட்பம் என்று ஒதுங்குவோர்க்கு ஒன்றை நினைவூட்டலாம். இலண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிவாரிப் பட்டங்களுக்கு வழி திறந்தது. இலங்கையில் அத்தேர்வுகளை எழுதித் தேறியோர் பலர். பின்னாளில் விபுலானந்த அடிகளாக விளங்கிய மயில்வாகனனார் 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தை அவ்வழியிலேயே பெற்றார். அன்று பாடம் இலண்டனில் எழுதப்பட்டது. எமது முன்னோர் தம்மை அதற்கேற்ப வளைத்துக்கொண்டனர். இன்று நாமே இலண்டனில் இருக்கின்றோம்.

தமிழிலும் முன்மாதிரி உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001 பெப்ரவரியில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகின்றது. உலகெங்கும் வாழும் தமிழர் தமிழ் கற்பதற்கென்று படிநிலைப் பாடங்களை அது வகுத்தது. பண்பாட்டுக்குச் செய்த இவ்வேலையைப் பிழைப்புக்கும் செய்யத் தயங்குவானேன்? பிரித்தானியாவிலும் உணவுத் தராதர முகவரகம் தனது பாதுகாப்புக் கையேட்டைச் சீனச் சமையலுக்கும் இந்திய உபகண்டச் சமையலுக்கும் தனித்தனிப் பதிப்பாக வெளியிட்டிருக்கின்றது. ஒரே பாடம் எல்லா அடுப்புக்கும் பொருந்தாது என்பதை அதிகாரத்திலுள்ளோரே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

மறுப்புக்களும் மறுமொழியும்

சிறிய கடைகளுக்கு இச்செலவு தாங்காது என்பது முதல் மறுப்பு. தனிக்கடைக்குத் தாங்காதுதான். ஆனால் டூட்டிங்கிலுள்ள பத்துக் கடைகளின் அடுப்பிலும் கொதிப்பவற்றிற் பெரும்பகுதி ஒன்றே. பொதுப்பகுதியை ஒன்றாகச் செய்வித்து, அவரவர் உணவுப் பட்டியலுக்குரிய சிறு பகுதியைத் தனியாகச் சேர்த்துக்கொண்டால் செலவு பத்தாகப் பிரியும். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் சங்க விழாவுக்கும் ஒன்றுகூடத் தெரிந்த வர்த்தகர்களுக்கு இது இயலாத காரியமன்று. அன்னதானம் சமைக்கும் கோயில்களுக்கும், விழாக்களில் உணவு விற்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் அப்பாடம் உதவும்.

தமிழிற் பாடம் கொடுத்தால் எம்மவர் ஆங்கிலம் கற்கமாட்டார் என்பது இரண்டாவது மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று, பொதியின் மேலுள்ள எழுத்தும் வாடிக்கையாளரின் கேள்வியும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆகவேதான் தமிழில் விளக்கி, ஆங்கிலச் சொல்லைக் கண்ணுக்கும் காதுக்கும் பழக்க வேண்டும் என்கின்றோம். "எனக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது" என்று வாடிக்கையாளர் ஆங்கிலத்திற் சொல்லும் குரலைப் பாடத்திலேயே ஒலிக்கச் செய்து, மறுமொழி சொல்லவும் பழக்கலாம். தெரியாத இடத்தில், "கேட்டுச் சொல்கின்றேன்" என்று ஆங்கிலத்திற் சொல்லக் கற்ற ஊழியர் ஒரு உயிரைக் காத்தவராவார்.

தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராது காத்திருப்போர்க்கும் இதில் ஒரு சொல் உண்டு. அவர்கள் பொதுவாக வேலை செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் முடிவு தாமதமானால் அனுமதி கேட்கலாம் எனினும், கிடைக்கும் அனுமதி குறிப்பிட்ட தொழில்களுக்கே உரியது. காத்திருக்கும் காலத்தில், தமது கடிதத்திலுள்ள நிபந்தனைகளைச் சட்டத்தரணியிடம் சரிபார்த்துக்கொண்டு, முகவரகத்தின் இலவசப் பாடத்தைப் போன்றவற்றைக் கற்று வைக்கலாம். அவர்களுள் ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள் உண்டு. இத்தகைய பாடத்துக்குத் தமிழ்ப் பிரதி எழுதும் ஆற்றல் அவர்களிடம் இருக்கின்றது. ஆனால் பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனத்துக்குத் தொண்டு செய்வது வேறு, தனியார் வர்த்தகத்துக்கு ஊதியமின்றி வேலை செய்வது வேறு. முன்னதற்கு இடமுண்டு, பின்னது அவர்களின் வழக்குக்கே கேடாகலாம். அவர்களின் நிலையைப் பயன்படுத்தி இலவச வேலை வாங்க எவரும் முற்படலாகாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எமது பழமொழி. இன்று அந்த ஏடு கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது, சுரைக்காய் மாறவில்லை. அதனைக் கறிக்கு உதவச் செய்யும் வழி எமது கைகளிலேயே உள்ளது. வர்த்தகர்கள் இதற்கெனக் கூடும் முதற் கூட்டத்துக்கு அவரவர் உணவுப் பட்டியலோடு, தம் கடையின் மூத்த சமையற்காரரையும் மிகப் புதிய ஊழியரையும் அழைத்து வரட்டும். முதற் கேள்வியைக் கேட்கும் உரிமை அந்தப் புதிய ஊழியருக்கே கொடுக்கப்படட்டும்.